நடுவில் நின்ற தூண்
(துலூஸ் நகரத்து ஜாக்கோபின் மடத்துக் கோயில் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் மாதாகோயில் நாட்காட்டி மாட்டியிருப்பவர்கள் ஜனவரி மாதத் தாளை ஒருமுறை பாருங்கள். 28-ஆம் தேதிக் கட்டத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அவர் இறந்த நாள் ஜனவரி 28 அல்ல. அவர் இறந்தது 1274 மார்ச் 7-இல். நெடுங்காலம் அந்த நாளில்தான் அவருக்குத் திருநாள் எடுத்தார்கள். அது பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழுந்துவிடும். ஆகவே 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது வேறு நாள் தேடினார்கள். 1369 ஜனவரி 28 அன்று அவருடைய எலும்புகள் தெற்கு பிரான்சிலுள்ள துலூஸ் நகரத்தின் ஒரு மடத்துக் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. அந்த நாளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோயில் இல்லாவிட்டால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தாளில் அந்தத் தேதியும் இல்லை. இன்று அந்தக் கோயிலைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கான்வென்ட் என்றால் நமக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். அடுத்தபடியாகக் கன்னியர் மடம். ஐரோப்பாவின் பழைய வழக்கில் ஆண் துறவிகள் கூடி வாழ்ந்த மடத்துக்கும் அதே பெயர்தான். அதிலும் குறிப்பாக, காட்டையும் மலையையும் தேடிப் போகாமல் ஊருக்கு நடுவே குடியிருந்து, பிச்சையேற்று உண்டு, மக்களுக்குப் போதித்த சபைகளின் வீட்டை அப்படி அழைத்தார்கள். அந்தச் சபைகளில் ஒன்று போதகர் சபை. அதை நிறுவியவர் தோமினிக். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவருக்குச் சாமிநாதர் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும், இனி அப்படியே சொல்கிறேன்.

சாமிநாதர் சபையாருக்குப் பாரிசில் புனித யாக்கோபு தெருவில் ஒரு மடம் இருந்தது. அதனால் பிரான்சு முழுவதும் அவர்களை ஜாக்கோபின்கள் என்றே அழைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் ஜாக்கோபின் கழகம் என்று படித்திருப்பீர்கள். பாரிசில் இந்தச் சபையின் மடமொன்றில் கூடியதால்தான் அந்தக் கழகத்துக்கு அப்பெயர்.

துலூஸ் செங்கல் ஊர். கரோன் ஆற்றுச் சமவெளியில் வண்டல் உண்டு, கட்டடத்துக்கு ஏற்ற கல் பக்கத்தில் கிடையாது. ஆகவே ரோமானியர் காலத்திலிருந்தே சுட்ட செங்கல்தான். நம் செங்கல்லைப் போன்றதல்ல அது. ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், கனம் மட்டும் 5 சென்டிமீட்டர். பலகை என்றே சொல்லலாம். மாலை வெயில் பட்டால் ஊரே இளஞ்சிவப்பாகிவிடும். இளஞ்சிவப்பு நகரம் என்றே அதற்குப் பட்டப்பெயர்.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர் போர்க்களமாயிருந்தது. அந்த வட்டாரத்தில் காத்தார் என்ற சமயப்பிரிவு வேரூன்றியிருந்தது. பொருளுலகம் தீமையின் படைப்பு என்று நம்பிய பிரிவு. அதை ஒடுக்க 1209-இல் தொடங்கிய சிலுவைப்போர் இருபது ஆண்டு நடந்தது. அந்தப் போர் தொடங்கும் முன்பே சாமிநாதர் வேறொரு வழி சொல்லியிருந்தார். செல்வச் செழிப்போடு குதிரையில் போய்ப் போதித்தால் யார் கேட்பார்கள், வெறுங்காலோடு நடந்து போங்கள், படித்துவிட்டுப் போங்கள் என்றார். 1215-இல் துலூஸ் நகரவாசி பியேர் செயான் தம் வீட்டை அவருக்குக் கொடுத்துத் தாமும் சீடரானார். ஆயர் ஃபூல்க் ஆதரித்தார். அந்த ஆயர் இளமையில் காதல் பாட்டுக் கட்டிப் புகழ்பெற்ற பாணர். மறுவருடம் திருத்தந்தை சபையை அங்கீகரித்தார். 1221-இல் சாமிநாதர் போலோஞாவில் இறந்தார். நான் சொல்லப்போகும் கோயிலின் ஒரு செங்கல்லைக்கூட அவர் பார்க்கவில்லை.

போர் முடிந்த 1229-இல் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகத் துலூசில் பல்கலைக்கழகம் நிறுவினார்கள். அதே சமயத்தில் சபையார் புது இடம் வாங்கி, 1230-இல் கோயில் கட்டத் தொடங்கினார்கள்.

அப்போது அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. 1228-இல் சபையே தனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு: மடத்துக் கோயிலின் உயரம் 30 அடியைத் தாண்டக்கூடாது. பீடத்துக்கு மேலும் பூசைப்பொருள் அறைக்கு மேலும் தவிர வேறெங்கும் கல்கவிகை, அதாவது வளைத்துக் கட்டும் கல்கூரை, கூடாது, மரக்கூரை போதும். பிச்சையெடுக்கிறவர்களின் வீடு அரண்மனைபோல் இருக்கக்கூடாது என்பது கருத்து. முதலில் எழும்பிய கோயில் அதற்கு அடங்கியதுதான். நீண்ட செவ்வகம், செங்கல் சுவர், மேலே மரக்கூரை. அந்த முதல் கோயிலின் தடத்தை இன்றைய தரையில் வேறு நிறக் கற்களால் குறித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இனி இந்தக் கட்டடத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். நமக்குப் பழக்கமான மாதாகோயில் எப்படி இருக்கும்? நடுவில் அகலமான கூடம், அதன் இரு பக்கமும் தூண்வரிசை, வாசலில் நின்றால் பீடம் நேரே தெரியும். துலூசில் அப்படி இல்லை. தூண்வரிசை ஒன்றே ஒன்று. அதுவும் கோயிலின் நட்டநடுவில். உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு எதிரே தூண்தான் நிற்கும்.

வீடு கட்டும் எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும், நடுக்கூடத்தில் தூணா என்று முகம் சுளிப்பார். ஏன் அப்படிச் செய்தார்கள்?

அந்தக் கோயிலுக்கு இரண்டு வகையான ஆட்கள் வந்தார்கள். ஒரு வகை, மடத்துத் துறவிகள். பகலும் இரவும் குறித்த வேளைகளில் கூடிச் சங்கீதங்கள் பாடுகிறவர்கள். அவர்களுக்கு அமைதி வேண்டும், அடைப்பு வேண்டும். இன்னொரு வகை, ஊர் மக்கள். போதனை கேட்க வருகிறவர்கள். கூட்டமாக வருவார்கள், பிள்ளைகளோடு வருவார்கள். போதகர் சபைக்கு இந்த இரண்டாம் வகையினர் விருந்தாளிகள் அல்லர், சபை இருப்பதே அவர்களுக்காகத்தான். ஆகவே ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கூடம் கட்டினார்கள். வடக்குக் கூடம் துறவிகளுக்கு, தெற்குக் கூடம் மக்களுக்கு. நடுவில் தூண்வரிசையும் மறைப்பும். பூசைக்காக மட்டும் கட்டிய கோயிலுக்கு இந்த அமைப்பு தேவைப்படாது. பேச்சுக்கும் காதுக்குமாகக் கட்டியதால் இது பிறந்தது. பாரிசிலிருந்த அவர்களுடைய மடத்துக் கோயிலும் இரட்டைக் கூடம்தான். ஆஜான் ஊரில் இன்னும் ஒன்று நிற்கிறது.

கட்டடத்தைப் புகழ்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இராது.

1233-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, காத்தார்களை விசாரித்துத் தண்டிக்கும் பொறுப்பை இந்தச் சபையாரிடம் ஒப்படைத்தார். சமய விசாரணை மன்றம் என்று வரலாறு அழைப்பது அதைத்தான். மறுவருடம் ஆகஸ்ட் 5-ஆம் நாள், புனிதராக அறிவிக்கப்பட்ட பின் சாமிநாதருக்கு வந்த முதல் திருநாள். துலூஸ் ஆயர் மடத்துக்கு வந்து பூசை வைத்தார். அவரும் அதே சபையைச் சேர்ந்தவர். பூசை முடிந்து உணவுக்கூடத்துக்குப் போகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர் வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி காய்ச்சலில் சாகக் கிடக்கிறாள், அவள் காத்தார் என்று தகவல் சொன்னார். ஆயர் நேரே அங்கே போனார். வந்திருப்பது தங்கள் பிரிவின் ஆயர் என்று எண்ணிய அந்த அம்மாள் தன் நம்பிக்கையை ஒளிக்காமல் சொன்னாள். தீர்ப்பு உடனே வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். பிறகு ஆயரும் துறவிகளும் திரும்பி வந்து, கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

இதை எதிரிகள் எழுதி வைக்கவில்லை. அதே மடத்தில் வாழ்ந்த துறவி கியோம் பெலிசோன் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தார். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 1235-இல் நகர மன்றத்தார் பொறுமையிழந்து சபையாரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் திரும்பிவிட்டார்கள். வெறுங்காலோடு நடந்து போய்ப் பேசுங்கள் என்ற மனிதரின் திருநாளில் அந்த எரிப்பு நடந்தது. அந்தக் கோயிலின் அழகைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த மூதாட்டியைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோயில் வளர்ந்தது. மாணவர்கள் பெருகினார்கள், துறவிகள் பெருகினார்கள். 1240-களில் கிழக்கே நீட்டினார்கள். 1275-இலிருந்து 1292-க்குள் அந்தக் கிழக்கு முனையை உயர்த்தி அதன்மேல் கவிகை போட்டார்கள். பிறகு 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சபையைச் சேர்ந்த கர்தினால் கியோம் பியேர் கொதேன் பணம் கொடுக்க, மீதிக் கோயிலையும் அதே உயரத்துக்கு எடுத்தார்கள். 1385-இல் அபிஷேகம் செய்தார்கள். தொடக்கத்திலிருந்து எண்ணினால் 155 ஆண்டு. கட்டி முடித்தபோது கவிகையின் உயரம் 28 மீட்டர், அதாவது 90 அடிக்கு மேல். 30 அடிச் சட்டம் போன இடம் தெரியவில்லை. ஏழைத் துறவிகளுக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கிழக்கு முனையில் கட்டியவர்களுக்கு ஒரு சிக்கல் முளைத்தது. நடுவில் வரும் தூண்வரிசை கிழக்கே போய் எங்கே முடிவது? பீடப் பகுதி பலகோணமாக வளைந்து முடிகிறது. ஒரே கூடமுள்ள கோயிலென்றால் கவிகையின் விலாவளைவுகள் நடு உச்சியில் ஒரு பூட்டுக்கல்லில் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே அந்த இடத்துக்கு நேர் கீழே தூண்வரிசை வந்து நிற்கிறது. வரிசையை முன்னாலேயே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் 20 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் கடக்க வேண்டும், செங்கல் கவிகைக்கு அது ஆபத்து.

அவர்கள் தூணை எடுக்கவில்லை. கடைசித் தூணை வளைவின் மையத்திலேயே நட்டார்கள். சுற்றுச்சுவரின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எழுந்து வரும் வளைவுகளையெல்லாம் அந்த ஒரே தூணின் தலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மொத்தம் 22 விலாக்கள். கீழிருந்து பார்த்தால் தூணிலிருந்து 22 மட்டைகள் புறப்பட்டு நாலா பக்கமும் விரிவதுபோல் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ஜாக்கோபின்களின் பனைமரம் என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது பேரீச்சை. எனக்குத் தென்னைதான் தோன்றியது. சிறுவயதில் தோப்பில் மல்லாந்து படுத்து நேர் மேலே பார்த்தால் மட்டைகள் கதிர்கதிராக விரிந்து, இடுக்குகளில் வானம் தெரியுமே, அதே காட்சி.

இதன் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். வளைவு எப்போதும் தன் காலைப் பக்கவாட்டில் உதைக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் உதைத்தால் ஒல்லியான தூண் சாய்ந்துவிடும். இங்கே எல்லாப் பக்கத்திலிருந்தும் உதை வருவதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, தூணுக்குக் கீழ்நோக்கிய பாரம் மட்டும் மிஞ்சுகிறது. குடையை விரித்துப் பிடித்தால் கம்பிகள் நடுக்காம்பைச் சாய்க்காததுபோல. வெளிச்சுவரில் விழும் உதையைத் தாங்கத்தான் வெளியே பெரிய பெரிய செங்கல் முட்டுச்சுவர்கள். தெருவிலிருந்து பார்த்தால் கோயில் கோட்டைபோல் முரட்டுத்தனமாக இருப்பது அதனால்தான். அலங்காரம் தேடிப் போகிறவர்கள் வெளிப்புறத்தைப் பார்த்து ஏமாறுவார்கள்.

நான் போனது ஒரு குளிர்கால முற்பகல். தூண்கள் மொத்தம் ஏழு, வழுவழுப்பான உருண்டைக் கல் தூண்கள். கவிகை பிரியும் இடம்வரை 22 மீட்டர், நம்மூரில் ஏழு மாடி உயரம். கடைசித் தூணின் அடியில் தரையோடு சாய்த்து ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள், கழுத்து வலிக்காமல் கவிகையைப் பார்ப்பதற்காக. அதில் குனிந்து பார்த்தேன். பனைமரம் ஒரு கிணற்றுக்குள் தலைகீழாக முளைத்திருப்பதுபோல் தெரிந்தது. வண்ணம் தீட்டிய விலாக்கள் ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். தூணில் உள்ளங்கையை வைத்தேன். கல் ஐஸ்போல் குளிர்ந்தது. ஆனால் கை வைத்த இடத்தில் ஆரஞ்சு நிற வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சம் வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மணிக்கூண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முடிந்தது, எண்கோண வடிவம், 45 மீட்டர் உயரம். அதன் சன்னல்களுக்கு மேலே வட்ட வளைவு இல்லை, இரண்டு சரிவுகள் கூடும் முக்கோணம். வளைவு கட்டச் செங்கல்லைச் செதுக்க வேண்டும், சரிவு கட்டச் செதுக்க வேண்டாம். அதே ஊரிலுள்ள சேன் செர்னேன் பேராலயத்தின் மணிக்கூண்டைப் பார்த்துச் செய்தது.

தொடக்கத்தில் சொன்ன எலும்புகளுக்கு வருகிறேன். தாமஸ் அக்குவினாஸ் இங்கே வாழ்ந்தவர் அல்லர். இத்தாலியர். லியோன் நகரத்தில் நடந்த பொதுச்சங்கத்துக்குப் புறப்பட்டு, வழியில் ஃபொஸ்ஸநோவா என்ற வேறொரு சபையின் மடத்தில் இறந்தார். அந்த மடத்தார் உடலை விடவில்லை. தங்கள் சபையின் மிகப் பெரிய அறிஞரின் எலும்புகள் தங்களிடம் இல்லையே என்று சாமிநாதர் சபையார் ஏறக்குறைய நூறு ஆண்டு ஏங்கினார்கள். கடைசியில் திருத்தந்தை ஐந்தாம் ஊர்பான் 1368-இல் முடிவு சொன்னார்: சபை பிறந்த ஊரான துலூசுக்குக் கொடுங்கள். நற்கருணை ஆசீரின்போது நம் கோயில்களில் தமிழில் பாடுகிறோமே, அந்தப் பாடலின் லத்தீன் மூலம் இவர் பெயரில் வழங்குவது. அதைப் பாடி வளர்ந்த எனக்கு அவருடைய எலும்புகள் உள்ள பேழையின் முன்னால் நின்றபோது அந்நிய நாட்டில் நிற்பதாகத் தோன்றவில்லை.

புரட்சி வந்தது. மடங்களைக் கலைத்தார்கள். 1791-இல் எலும்புகளைச் சேன் செர்னேனுக்கு எடுத்துப் போனார்கள். நெப்போலியன் காலத்தில் மடம் முழுவதும் ராணுவத்தின் கைக்குப் போயிற்று, பீரங்கிப் படையின் பாசறையாயிற்று. அந்த 28 மீட்டர் உயரத்துக்குள் இடைத்தளம் போட்டார்கள். கீழே குதிரை லாயம், மேலே சிப்பாய்கள் படுக்கும் இடம். சுவரெல்லாம் சம்மனசுகள் இசைக்கருவி வாசிக்கும் 14-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்த புனித அந்தோனின் சிற்றாலயம் ஒன்று பக்கத்தில் உண்டு. அதை நோயுற்ற குதிரைகளுக்கு மருத்துவமனை ஆக்கினார்கள். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இரண்டு பக்கத்தை 1830 வாக்கில் இடித்தார்கள்.

எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மெரிமே அப்போது அரசின் வரலாற்றுச் சின்னங்களுக்குத் தலைமை ஆய்வாளர். அவர் வந்து பார்த்துக் கடுமையாகக் கண்டித்தார். ராணுவம் அசையவில்லை. 1865-இல்தான் நகராட்சியால் கட்டடத்தை மீட்க முடிந்தது. உலகப்போரில் லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை 1914-இல் இங்கே கொண்டுவந்து பாதுகாத்தார்கள். தளங்களைப் பிரித்து, அடைத்த சன்னல்களைத் திறந்து, இடிந்த தாழ்வாரத்துக்கு வட்டாரத்தில் அங்கங்கே கிடந்த தூண்தலைகளைத் தேடிப் பொறுக்கி, முழுமையாகச் செப்பனிட்டு முடிக்க 1970-கள் ஆகிவிட்டன. கட்டியதற்கு 155 ஆண்டு, குதிரை லாயத்திலிருந்து மீட்பதற்கு நூறு ஆண்டுக்கு மேல். 1974-இல், தாமஸ் இறந்த 700-ஆம் ஆண்டில், எலும்புகளைத் திரும்பக் கொண்டுவந்து பொன்முலாம் பூசிய பேழையில் பீடத்தின் கீழ் வைத்தார்கள்.

ஆரஞ்சு வெளிச்சத்துக்கு வருகிறேன். மேற்குச் சுவரின் இரண்டு வட்டச் சன்னல்களில் தவிர, பழைய வண்ணக் கண்ணாடி போய்விட்டது. 1950-களில் மாக்ஸ் எங்ரான் என்ற கண்ணாடிக் கலைஞர் புதிய சன்னல்கள் செய்தார். பழைய பாணியில் புனிதர்களின் உருவங்களை வரைந்து போலியாக வைத்திருக்கலாம். அவர் உருவமே வரையவில்லை. வடக்குப் பக்கம் முழுவதும் நீலம், பச்சை போன்ற குளிர் நிறங்கள். தெற்கில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வெயில் தெற்கிலிருந்து வரும் நாடு அது. வெயில் ஏற ஏற, தெற்குச் சன்னல்களின் நிறம் தரையில் ஊர்ந்து நடுத்தூண்களின்மேல் ஏறுகிறது. தூண்களின் ஒரு பக்கம் அனலும் மறுபக்கம் நிழலுமாக நிற்கும். புதுப்பித்தல் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடில்லை. இதை மட்டும் முழு மனத்தோடு ஏற்கிறேன். இரண்டு கூடம், இரண்டு வகை மக்கள் என்ற பழைய எண்ணத்தை அந்தக் கலைஞர் நிறத்தால் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

இன்று அங்கே துறவிகள் குடியில்லை. கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம். செப்டம்பர் மாதத்தில் தாழ்வாரத்தில் பியானோ இசை விழா நடக்கிறது.

நம் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் பிரான்சுக்குப் போகிறார்கள். விமானம் செய்யும் ஊர் என்பதால் துலூசுக்கும் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு முற்பகலை இந்தக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். பனைமரத்தைப் பார்த்த கையோடு புறப்பட்டுவிடாதீர்கள். திரும்பி வந்து தெற்குக் கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். அது ஊர் மக்களுக்கென்று கட்டிய பக்கம்.